மலைக்குள் ஒரு மதில்: சீமெந்துக் கூழின் வரலாறும் சமனலவெவவின் கசிவும்

அணைக்கட்டு ஒன்றைப் பார்க்கச் செல்பவர்கள் அதன் உயரத்தையும் நீளத்தையும் கண்டு வியப்பார்கள். வான்கதவுகள் திறக்கப்பட்டிருந்தால் புகைப்படம் எடுப்பார்கள். திறப்பு விழாவில் திரை நீக்கிய அமைச்சரின் பெயர் கல்வெட்டிலே பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால், அந்த அணையின் அடியிலும் இரு பக்க மலைகளின் வயிற்றிலும் இன்னொரு மதில் இருக்கிறது. அதற்குக் கல்வெட்டு இல்லை. அதனைக் கட்டியவர்களே அதனை முழுமையாகக் கண்டதில்லை. பாறையின் வெடிப்புகளுக்குள் அழுத்தத்துடன் செலுத்தப்பட்டு, அங்கேயே இறுகிக் கல்லாகிப்போன சீமெந்துக் கூழே அந்த மதில். எமது பொறியியலாளர்கள் ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்துக் 'கிரவுட்' என்கிறார்கள்.

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலம் முழுவதும் இந்தச் சொல் எனக்குத் தொல்லை தந்தது. 'சீமெந்துச் சாந்து' என்று எழுதினால், மணல் கலந்து செங்கல்லுக்கு இடையே பூசும் கலவையையே வாசகர் நினைப்பார். 'கொங்கிறீற்' என்று எழுதுவது முற்றிலும் பிழை. மேசன்மார் நீர்த்த கலவையைச் 'சீமெந்துப் பால்' என்றும், சற்றுத் தடித்ததைக் 'கூழ்' என்றும் சொல்வார்கள். அகராதிகள் தரும் சொற்களைவிட அவர்களுடைய சொற்களே பொருளுக்கு நெருக்கமானவை. ஆகவே இக்கட்டுரையிலும் கூழ் என்றே எழுதுகிறேன்.

கொங்கிறீற்றில் சீமெந்து, மணல், கருங்கல் மூன்றும் உண்டு. சாந்திலே கருங்கல் இல்லை. கூழிலே பெரும்பாலும் சீமெந்தும் நீரும் மாத்திரமே. சில வேளைகளில் மென்மணலும் பெந்தனைற்று என்னும் களிமண்ணும் வேறு சில சேர்மானங்களும் இடம்பெறும். மற்றிரண்டும் வைத்த இடத்தில் நிற்பவை. கூழோ ஓடிச் சென்று, கை புகாத இடத்தை நிரப்பி, அதன் பின்னர் கல்லாக மாறுவது. குளியலறைச் சுவரோடுகளுக்கு இடையே வெள்ளையாகப் பூசப்படுவதும் இதன் உறவினமே. ஆனால் நான் இங்கு சொல்ல வந்தது, கூழை நம்பிப் பள்ளத்தாக்குகளில் மக்கள் உறங்குகின்ற இடங்களைப் பற்றியது.

துறைமுகத்தில் தொடங்கிய முறை

இந்தத் தொழிலின் முதல் ஆவணச் சான்று பிரான்சின் தியெப் துறைமுகத்திலிருந்து கிடைக்கிறது. 1802 ஆம் ஆண்டில் சார்ள் பெரிஞி என்னும் பொறியியலாளர், நீர் அரித்துச் சென்றமையால் அடித்தளம் வெறுமையாகிப்போன மதகு ஒன்றைச் செப்பனிட வேண்டியிருந்தது. கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே அக்காலத்து வழக்கம். அவரோ துளைகள் வழியாகக் களிமண்ணையும் சுண்ணாம்பையும் கரைத்து, மரத்தாலான இடிபம்பு கொண்டு அடியிலே செலுத்தினார். இடிக்காமலே அடித்தளத்தைத் திருத்தலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பரவியது.

அப்போது இன்றைய சீமெந்து பிறந்திருக்கவில்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஜோசப் அஸ்ப்டின் என்னும் மேசன் 1824 ஆம் ஆண்டில் 'போட்லண்ட் சீமெந்து' என்ற பெயரில் உரிமம் பெற்றார். சுண்ணாம்புக்கல்லையும் களியையும் சேர்த்துச் சூளையில் சுட்டு அரைப்பதே அதன் சாரம். இன்றைய ஆலைகளில் அந்தச் சூட்டின் அளவு ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ். சாதாரணச் சுண்ணாம்பு இறுகுவதற்குக் காற்று வேண்டும். சீமெந்துக்கு நீரே போதும். காற்றுப் புகாத பாறை வெடிப்புக்குள்ளும், ஆற்றின் அடியிலும் அது இறுகும். கூழின் வரலாற்றைத் திசைதிருப்பிய குணம் இதுவே.

இங்கிலாந்தின் நீர்வழங்கற் பொறியியலாளர் தோமஸ் ஹோக்ஸ்லி, 1876 ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் வடபகுதியிலுள்ள டன்ஸ்டல் நீர்த்தேக்கத்தின் அடிப்பாறை வெடிப்புகளில் சீமெந்துக் கூழைச் செலுத்தினார். அணையின் கீழே நீர் ஒழுகுவதைத் தடுக்கச் சீமெந்தை இவ்வாறு பயன்படுத்திய முன்னோடிப் பணிகளில் ஒன்றாக அது கருதப்படுகிறது.

அதே நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் நகரின் அடியில் இன்னொரு தேவை எழுந்தது. சுரங்க இரயில்பாதையை வார்ப்பிரும்பு வளையங்களால் அமைக்கும்போது, வளையத்துக்கும் வெளியேயுள்ள மண்ணுக்கும் இடையில் ஒரு வெற்றிடம் எஞ்சும். அதனை அப்படியே விட்டால் மேலேயுள்ள மண் தாழும். அதன்மேல் நிற்கும் கட்டடங்கள் வெடிக்கும். ஜேம்ஸ் ஹென்றி கிறேற்ஹெட் அழுத்தக் காற்றினால் கூழை அந்த இடைவெளிக்குள் ஊதி நிரப்பும் கலம் ஒன்றை அமைத்தார். 1890 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சிற்றி அன்ட் சவுத் லண்டன் இரயில்பாதை அவ்வாறு கட்டப்பட்டதாகும். அவர் செலுத்தியது நீரில் இறுகும் வகைச் சுண்ணாம்புக் கூழ். பின்வந்தவர்கள் அவ்விடத்தில் சீமெந்தை வைத்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் அணைகள் உயர்ந்தன. அமெரிக்காவின் ஹூவர் அணை 1935 ஆம் ஆண்டில் நிறைவுற்றபோது உலகின் மிக உயர்ந்த அணை அதுவே. தனித்தனித் தூண்களாக வார்க்கப்பட்ட அந்த அணையின் கொங்கிறீற், பதிக்கப்பட்ட குழாய்களில் ஓடிய குளிர்நீரால் ஆற்றப்பட்டது. ஆறியபின் தூண்களுக்கு இடையே சுருங்கி விலகிய இடைவெளிகளைக் கூழ் நிரப்பி ஒரே கல்லாக்கியது. ஆனால் அணையின் அடிப்பாறையில் முதலில் போடப்பட்ட கூழ்த்திரை போதவில்லை. நீர் நிரம்பத் தொடங்கியதும் கசிவும், அணையைக் கீழிருந்து மேலே தள்ளும் அழுத்தமும் எதிர்பார்த்ததைவிட மிகுந்தன. 1938 முதல் 1947 வரை அணைக்குள்ளிருந்தே மீண்டும் துளையிட்டு, இன்னும் ஆழமாகக் கூழ் செலுத்த நேர்ந்தது. உலகமே அண்ணாந்து பார்த்த அணையின் அடியில் ஒன்பது ஆண்டுகளாக நடந்த இந்த வேலையைப் பற்றி அறிந்தவர்கள் சிலரே.

துளையும் அழுத்தமும் நீரின் கணக்கும்

கூழ் செலுத்துவோர் முதலில் பாறையிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். துளையிட்டு, அதன் ஒரு பகுதியை அடைத்து, அழுத்தத்துடன் வெறும் நீரைச் செலுத்திப் பார்ப்பதே அந்தக் கேள்வி. சுவிற்சர்லாந்தின் புவிச்சரிதவியலாளர் மொறிஸ் லூஜோன் 1933 ஆம் ஆண்டில் இதற்கு ஓர் அளவுகோலை வகுத்தார். 10 பார் அழுத்தத்தில், துளையின் ஒவ்வொரு மீற்றர் நீளமும் நிமிடத்துக்கு 1 லீற்றர் நீரை உறிஞ்சினால் அது ஒரு 'லூஜோன்'. இன்றும் உலகெங்கும் பாறையின் ஒழுகும் தன்மை அவருடைய பெயராலேயே அளக்கப்படுகிறது.

அடுத்தது கூழின் பதம். சீமெந்து முழுமையாக வினைபுரிவதற்கு அதன் எடையில் பத்தில் நான்கு பங்கு நீர் போதுமானது. ஆனால் அவ்வளவு தடித்த கூழ் மெல்லிய வெடிப்புக்குள் எளிதில் ஓடாது. ஓடுவதற்காக நீரைக் கூட்டினால், மிஞ்சிய நீர் மேலே பிரிந்து நிற்கும். சீமெந்து அடியிலே படியும். நீர் நின்ற இடம் பின்னர் வெற்றிடமாகிவிடும். நிரப்பிய இடம் நிரம்பாத இடமாக மாறுவது இப்படித்தான். பழைய காலத்தில் மிக நீர்த்த பாலில் தொடங்கிப் படிப்படியாகத் தடிப்பாக்கினார்கள். பிற்காலத்தில், சிறிதளவு பெந்தனைற்றும் கூழை இளக்கும் சேர்மானங்களும் கலந்து, தடித்திருந்தும் ஓடக்கூடிய, நீர் பிரியாத கூழை விரும்பலானார்கள்.

எவ்வளவு நீர்த்திருந்தாலும் சீமெந்து ஒரு கரைசல் அன்று. நீரில் மிதக்கும் தூள்தான். சாதாரணச் சீமெந்தின் பெரிய துகள்கள் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு பருமன் உடையவை. வெடிப்பு அதனைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமாக இல்லாவிடின், துகள்கள் வாசலிலேயே நெரிபட்டு வழியை அடைத்துக்கொள்ளும். நீருக்கோ அந்தத் தடை இல்லை. மயிரிழை வெடிப்புகளுக்கென்றே பின்னாளில் மிக நுண்ணிதாக அரைத்த சீமெந்து வகைகள் வந்தன.

அழுத்தமும் இருபுறமும் கூரான கத்தி. குறைந்தால் கூழ் தூரம் போகாது. மிகுந்தால் பாறையையே தூக்கிப் புதிய வெடிப்புகளை உண்டாக்கும். ஒரு அடி ஆழத்துக்குச் சதுர அங்குலத்துக்கு ஒரு இறாத்தல் என்பது அமெரிக்கர்களின் பழைய கைக்கணக்கு. ஐரோப்பியர்கள் அதனைவிடத் துணிந்து அழுத்தினார்கள். இவ்விரு வழக்கங்களுக்கும் இடையே நடந்த விவாதம் பல பத்தாண்டுகள் நீடித்தது.

வேலையின் ஒழுங்கும் கவனிக்கத்தக்கது. முதலில் தூரத் தூரமாகத் துளையிட்டுக் கூழ் செலுத்துவார்கள். பின்னர் ஒவ்வோர் இடைவெளியின் நடுவிலும் ஒரு துளை; அதன் பின்னர் மறுபடியும் நடுவில் ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் துளை உள்வாங்கும் சீமெந்தின் அளவு குறைந்துகொண்டே வந்தால் திரை மூடுகிறது என்று பொருள். குறையாவிட்டால், உள்ளே எங்கோ ஒரு வாய் திறந்திருக்கிறது. ஆகவே, எந்தத் துளையில் எத்தனை மூடை சென்றது, எந்த அழுத்தத்தில், எவ்வளவு நேரம் என்று எழுதப்படும் பதிவேடுதான் இந்தத் தொழிலாளியின் கண். அந்தப் பதிவேட்டில் ஒரு பொய் எழுதப்பட்டால் அதனைக் கண்டுபிடிக்க வேறு எவராலும் முடியாது, நீர் ஒன்றைத் தவிர.

நிரம்பாத இடங்கள்

நீர் கண்டுபிடித்த இடங்களில் மிகக் கொடியது அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலுள்ள டீற்றன். ஏறத்தாழ 93 மீற்றர் உயரமான அந்த மண் அணை, முதன்முறையாக நிரம்பிக்கொண்டிருந்தபோது 1976 ஆம் ஆண்டு ஜூன் 5 ஆம் திகதி உடைந்தது. காலை ஏழு மணியளவில் கலங்கிய நீர் ஒழுகுவதைப் பணியாளர் கண்டனர். துளையை மண்ணால் அடைக்க அனுப்பப்பட்ட இரண்டு புல்டோசர்கள் அதற்குள்ளேயே வீழ்ந்தன. நண்பகலுக்குச் சற்று முன்னர் அணையின் முகடு சரிந்தது. 11 பேர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கான கால்நடைகள் மடிந்தன.

அணையின் பக்கப் பாறை எங்கும் வெடிப்புகள் மலிந்தது என்பது முன்னரே தெரிந்திருந்தது. பெருந்தொகையான சீமெந்து அதற்குள் செலுத்தப்பட்டும் இருந்தது. ஆழத்திலே திரை இருந்தாலும், அணையின் மண் பாறையைத் தொடும் அகழியில், மேற்பரப்பு வெடிப்புகள் முறையாகப் பூசி மூடப்படவில்லை என்பது விசாரணைக் குழு சுட்டிக்காட்டிய குறைகளுள் ஒன்று. அணையின் நடுவில் இடப்பட்டதோ எளிதில் அரிபடும் வண்டல் மண். பாறையினூடாக வந்த நீர் அந்த மண்ணைத் தொட்டது. மண் வெடிப்புகளின் வழியே வெளியேறியது. கூழ்த்திரை ஒன்றையே பாதுகாப்பாக நம்பி, அது தவறினால் தாங்குவதற்கு இரண்டாவது ஏற்பாடு இல்லாமல் விட்டதே அந்த அழிவின் பாடம்.

அணைகளில் மாத்திரமன்றிப் பாலங்களிலும் இந்தக் கதை உண்டு. கொங்கிறீற் பாலங்களின் உள்ளே குழாய்கள் வைத்து, அவற்றினூடாக உருக்குக் கம்பிகளைச் செலுத்தி இழுத்து முறுக்கியபின், குழாயின் எஞ்சிய இடத்தைக் கூழால் நிரப்புவார்கள். சீமெந்தின் காரத்தன்மை உருக்கைத் துருப்பிடிக்காமற் காக்கும். ஆனால் கூழ் எட்டாத இடத்தில் காற்றும் ஈரமும் குடியேறும். வெளியே பாலம் புதிதுபோல் இருக்க, உள்ளே கம்பி கரையும். வேல்ஸ் நாட்டில் 1953 இல் கட்டப்பட்ட இனிஸ்-இ-குவாஸ் என்னும் சிறு பாலம், துண்டுகளுக்கு இடையிலான பொருத்துகளில் கம்பிகள் துருப்பிடித்தமையால் 1985 டிசெம்பரில் எவ்வித முன்னறிவிப்புமின்றி வீழ்ந்தது. தெய்வாதீனமாக அதன்மேல் எவரும் இருக்கவில்லை. இவ்வகைப் பாலங்களைப் புதிதாகக் கட்டுவதைப் பிரித்தானிய அரசு 1992 ஆம் ஆண்டில் நிறுத்தி வைத்தது. கூழ் நிரப்பும் முறைகளைத் திருத்திய பின்னரே 1996 இல் அத்தடையை நீக்கியது.

எமது நாட்டின் பாடம்

இதே 1992 ஆம் ஆண்டில்தான் எமது நாட்டிலும் கூழ்த்திரை என்ற சொல் பத்திரிகைகளில் ஏறியது. இரத்தினபுரி மாவட்டத்தில், பலாங்கொடைக்கு அப்பால், வளவை கங்கையும் பெலிஹுல் ஓயாவும் சேரும் இடத்திற்குக் கீழே சமனலவெவ அணை எழுந்தது. கற்களால் நிரப்பப்பட்டு நடுவில் களிமண் வைத்த அணை. உயரம் சுமார் 100 மீற்றர். யப்பானும் பிரித்தானியாவும் கடனுதவி வழங்கின. 1986 இல் தொடங்கிய வேலை 1992 இல் நிறைவுற்றது. 5 கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுரங்க வழியாக நீரைக் கொண்டுசென்று 120 மெகாவாற் மின்சாரம் பெறுவதே திட்டம்.

அணையைப் பற்றி எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. ஐயம் அதன் வலது கரை மலையைப் பற்றியது. கட்டுமானம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, அந்த மலையினுள் நிலத்தடி நீரின் மட்டம் இருக்கவேண்டிய அளவைவிடத் தாழ்ந்திருப்பது தெரியவந்தது. மலைக்குள் நீர் தங்காமல் எங்கோ வடிகிறது என்பதே அதன் பொருள். காரணம், அங்கே சுண்ணாம்புக்கல் இருந்தது; அதிலே குகைகள் இருந்தன.

யாழ்ப்பாணத்து வாசகருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நிலாவரைக் கிணற்றின் ஆழத்தையும், கீரிமலைக் கேணியில் கடலோரத்தில் நன்னீர் ஊறும் விந்தையையும் கண்டு வளர்ந்தவர்கள் நாம். மழைநீர் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகச் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து, நிலத்தின் கீழே வழிகளையும் குகைகளையும் அமைத்து வைத்திருக்கிறது. சமனலவெவப் பாறை யாழ்ப்பாணத்துப் பாறையைவிட மிகப் பழையது. வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியது. ஆனால் நீரிலே கரையும் குணம் இரண்டுக்கும் பொது. இதிலே ஒரு முரணும் உண்டு. 1950 ஆம் ஆண்டு முதல் காங்கேசன்துறை ஆலை சீமெந்து செய்தது இதே இனக் கல்லைக் கொண்டுதான். சீமெந்தின் தாயும் சுண்ணாம்புக்கல்; சீமெந்தைத் தோற்கடித்ததும் சுண்ணாம்புக்கல்.

வலது கரை மலைக்குள் சுரங்கம் வெட்டி, அங்கிருந்து துளைகள் இட்டு, ஆயிரம் மீற்றருக்கும் கூடுதலான நீளத்துக்குக் கூழ்த்திரை அமைத்தார்கள். ஆயிரக்கணக்கான தொன் சீமெந்து மலைக்குள் சென்றது. போர் காரணமாகக் காங்கேசன்துறை ஆலை 1990 இல் மூடப்பட்டிருந்தது. வடக்கிற்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களில் சீமெந்தும் ஒன்றாக இருந்த காலம் அது. ஒரு மூடை சீமெந்துக்காக எம் உறவினர் ஏங்கிய நாள்களில், தெற்கிலே ஒரு மலை அதனைக் குடித்துக்கொண்டிருந்த செய்தியை நான் மொழிபெயர்த்துக் கொண்டிருந்தேன்.

1992 ஒக்டோபரில், நீர்த்தேக்கம் நிரம்பிக்கொண்டிருந்தபோது, அணைக்குக் கீழே ஏறத்தாழ 300 மீற்றர் தொலைவில் வலது கரை வாய் திறந்தது. சேறும் கல்லும் சேர்ந்த நீர் வெடித்துப் பாய்ந்தது. தொடக்கத்தில் நொடிக்கு ஏறத்தாழ 7 கன மீற்றர் அளவில் நீர் வெளியேறியது. டீற்றனை அறிந்த எவருக்கும் அந்தக் கலங்கல் அச்சமூட்டக் கூடியதே. கொழும்பிலே செய்தி மேசையில் இருந்த எமக்குக் கிடைத்த தகவல்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அணை உடையப் போகிறது என்றார் ஒருவர். ஒன்றுமே இல்லை என்றார் மற்றவர். அந்த நாள்களில் அனுபவமுள்ள பொறியியலாளர் ஒருவர் தொலைபேசியில் எனக்குச் சொன்ன ஒரு விடயம், பின்னர் நான் எழுதிய எல்லா அணைச் செய்திகளுக்கும் வழிகாட்டியது. 'எவ்வளவு ஒழுகுகிறது என்று கேளாதீர்கள். தெளிவாக ஒழுகுகிறதா, கலங்கி ஒழுகுகிறதா என்று கேளுங்கள்' என்றார் அவர். கலங்கல் என்றால் உள்ளே ஏதோ அரிபடுகிறது. தெளிவு என்றால், நீர் தன் பழைய வழியில் போகிறது.

சமனலவெவவில் நீர் தெளிந்தது, அளவும் குறைந்தது. அது அணையின் உடலைத் துளைத்து வந்த நீர் அன்று. மலையினூடாக வந்த நீர். ஓடும் நீரில் கூழ் தங்காது. இறுகுவதற்கு முன்னரே அடித்துச் செல்லப்படும். பெரிய குகைகளைத் துளைகளால் தேடிக் கண்டுபிடிப்பதும் இருட்டிலே ஊசி தேடுவதை ஒத்தது. ஆகவே 1990 களின் இறுதியில் வேறொரு முறையைக் கையாண்டார்கள். மலைக்குள் சீமெந்தைச் செலுத்துவதற்குப் பதிலாக, நீர்த்தேக்கத்தின் உட்புறத்தில், நீர் நுழையும் இடமெனக் கருதப்பட்ட சரிவில், தெப்பங்களிலிருந்து பெருமளவு களிமண்ணைக் கொட்டினார்கள். நீர் தானே அம்மண்ணை இழுத்துத் தன் வாயை அடைத்துக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. அதுவும் கசிவை முற்றாக நிறுத்தவில்லை. நொடிக்கு ஏறத்தாழ 2 கன மீற்றர் என்ற அளவில் அது தொடர்ந்தது. ஒரு நாளைக்கு 17 கோடி லீற்றருக்கு மேற்பட்ட நீர் மின்நிலையத்தை எட்டாமலே ஆற்றுக்குத் திரும்பியது.

மின்சாரம் வேண்டுவோருக்கு இது இழப்பு. ஆற்றின் கீழே கல்தொட்டையில் வயல் செய்வோருக்கோ வேறு கணக்கு. மின்நிலையத்திலிருந்து வெளியேறும் நீர், கல்தொட்டை வாய்க்கால்கள் பிரியும் இடத்துக்குக் கீழேதான் ஆற்றைச் சேர்கிறது. திட்டம் எழுதப்பட்டபடியே எல்லாம் நடந்திருந்தால், ஒவ்வொரு போகத்திலும் அணையிலிருந்து திறந்துவிடப்படும் நீருக்காக அவ்வுழவர்கள் அதிகாரிகளின் முகம் பார்க்க வேண்டும். கசிவோ எவருடைய கையொப்பமும் இன்றி இரவும் பகலும் அவர்களிடம் வந்துசேர்ந்தது. 2023 ஆகஸ்ட் வறட்சியில் உடவளவை உழவர்களுக்குச் சமனலவெவ நீரைத் திறப்பதா, மின்சாரத்துக்கு வைப்பதா என்று அமைச்சரவை வரை வழக்காடப்பட்டதைக் கண்டவர்களுக்கு, கேளாமல் கிடைக்கும் நீரின் அருமை விளங்கும்.

இதனை வைத்துக் கூழ்த்திரை வீணென்று முடிவு கட்டுவது தவறு. திரை இல்லாதிருந்தால் எவ்வளவு நீர் போயிருக்கும் என்பதை அளப்பதற்கு வழியில்லை. எம்மைக் காத்தது திரையும் அதனோடு சேர்ந்த கண்காணிப்பும். அணை உடைந்துவிடுமோ என்று அஞ்சிய ஆண்டுகளில் நீர்மட்டம் தாழ்த்தப்பட்டது, கசிவு அளக்கப்பட்டது, மலைக்குள் இருந்த அளவுக் குழாய்கள் வாசிக்கப்பட்டன. டீற்றனில் கிடைத்தது ஒரு காலைப்பொழுது மாத்திரமே. சமனலவெவவில் கிடைத்தது பல ஆண்டுகள். அந்த ஆண்டுகள் வீணாக்கப்படவில்லை.

முடிவில்லாத வேலை

வேலை முடிந்தது என்று சொல்ல முடியாத அணைக்கு உலகிலே மிகப் பெரிய உதாரணம் ஈராக்கின் மோசூல். தைகிரிஸ் ஆற்றின் குறுக்கே, நீரிலே கரையும் ஜிப்சம் படிந்த நிலத்தின்மீது, 113 மீற்றர் உயரத்தில் 1980 களில் அதனைக் கட்டினார்கள். அடிநிலம் கரையக் கரைய, 1986 முதல் அணையின் அடியிலுள்ள சுரங்கக் கூடத்திலிருந்து தொழிலாளர் கூழ் செலுத்தி வந்தார்கள். 2014 ஆகஸ்டில் ஐ.எஸ். இயக்கத்தவர் அந்த அணையைக் கைப்பற்றினார்கள். இரு வாரங்களுக்குள் அணை மீட்கப்பட்டாலும் கூழ் செலுத்தும் வேலை தடைப்பட்டுக் கிடந்தது. ஆற்றின் கீழே வாழும் மக்களின் தொகை இலட்சக் கணக்கில். 2016 இல் இத்தாலிய நிறுவனமான திரெவியிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. நவீன கருவிகளும் பயிற்சியும் பெற்ற ஈராக்கியர் 2019 இல் அப்பொறுப்பை மீண்டும் ஏற்றனர். ஓர் அணையின் உயிர், நாள்தோறும் ஒருவர் கூழ் கலப்பதில் தங்கியிருக்கிறது.

இவ்வளவும் எழுதியது பொறியியல் கற்பிப்பதற்காக அன்று; அதற்குத் தகுதியானவர்கள் வேறு உளர். பத்திரிகைத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவே விரும்பினேன். நாட்டில் இன்னும் அணைகள் கட்டப்படும், சுரங்க வழிகள் வெட்டப்படும், பாலங்கள் எழும். திறப்பு விழாவுக்கு உங்களையும் அழைப்பார்கள். எத்தனை கோடி செலவு, எத்தனை மெகாவாற், யார் திறந்துவைத்தார் என்பவற்றை எழுதுங்கள், அவையும் செய்தியே. ஆனால் அடியிலே எத்தனை தொன் கூழ் சென்றது, எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகச் சென்ற துளைகள் எவை, அந்தப் பதிவேடுகள் எங்கே இருக்கின்றன, அளவுக் குழாய்களை வாசிப்பவர் யார், அவருக்கு அடுத்த ஆண்டும் சம்பளம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பவற்றையும் கேளுங்கள். பதில் சொல்பவர் அமைச்சராக இருக்கமாட்டார். காலணியில் சீமெந்துச் சேறு காய்ந்த ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருப்பார். அவரைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள். அணைக்குக் கீழே இருப்பவர்களுக்கு வேண்டிய செய்தி அவரிடம்தான் இருக்கும்.